ஐந்தே வரியில் ஒரு வெப் சர்வீஸ்... ஃபிளாஸ்க் என்றால் என்ன? தொடங்குவது எப்படி? எங்கே உஷாராக இருக்க வேண்டும்?

"அவசரம். ஓ பாசிட்டிவ் ரத்தம் வேணும். யாராவது இருக்கீங்களா?"

கல்லூரி வாட்ஸ்அப் குரூப்களில் இப்படி ஒரு மெசேஜைப் பார்க்காதவர்கள் குறைவு. உடனே யாரோ ஒருவர் பழைய எக்செல் ஷீட்டைத் தேடி எடுப்பார். யார் எந்த வகை, கடைசியாக எப்போது ரத்தம் கொடுத்தார், இப்போது ஊரில் இருக்கிறாரா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பார்.

இந்த லிஸ்ட்டை, கேட்டதும் பதில் சொல்லும் ஒரு சின்ன சர்வீஸாக மாற்ற முடியுமா? முடியும். பைத்தான் மொழி ஓரளவு தெரிந்தவர் ஒரு வார இறுதியிலேயே இதைச் செய்துவிடலாம். அதற்குப் பலரும் முதலில் கையில் எடுக்கும் கருவிகளில் ஒன்றுதான் ஃபிளாஸ்க்.

தொடங்குவது ரொம்ப சுலபம். ஆனால், சுலபமாக இருக்கிறதே என்று கவனிக்காமல் விட்டால் காலை வாரிவிடும் இடங்களும் இதில் உண்டு. இரண்டையும் பார்க்கலாம்.

வெப் சர்வீஸ் என்றால் என்ன?

வெப்சைட் மனிதர்கள் படிப்பதற்கானது. வெப் சர்வீஸ் பெரும்பாலும் இன்னொரு ஆப் படிப்பதற்கானது. போனில் ரயில் எங்கே வருகிறது என்று பார்க்கிறீர்கள். ஆப் உங்கள் ரயில் எண்ணை ஒரு சர்வருக்கு அனுப்புகிறது. சர்வர் தகவலைத் திருப்பி அனுப்புகிறது. அதை அழகான திரையாகக் காட்டுவது ஆப்பின் வேலை. தகவலைக் கொடுப்பது மட்டுமே சர்வீஸின் வேலை.

இந்தப் பேச்சுவார்த்தை எச்டிடிபி என்ற விதிமுறைப்படி நடக்கிறது. கேட்பவர் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, எந்த முகவரி. இரண்டு, என்ன வேலை. தகவல் வேண்டும் என்றால் 'கெட்'. புதிதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்றால் 'போஸ்ட்'.

பதிலிலும் இரண்டு பகுதிகள் இருக்கும். ஒன்று மூன்று இலக்க எண். 200 என்றால் வேலை முடிந்தது. 400 என்றால் கேள்வியே தப்பு. 404 என்றால் அப்படி ஒன்று இங்கே இல்லை. 500 என்றால் சர்வர் பக்கம் ஏதோ உடைந்துவிட்டது. இன்னொரு பகுதிதான் உண்மையான தகவல். அது பெரும்பாலும் 'ஜேசன்' என்ற வடிவத்தில் வரும். 'பெயர்: இது, வகை: இது' என்று ஜோடி ஜோடியாக எழுதும் முறைதான் ஜேசன்.

ஃபிரேம்வொர்க் எதற்கு?

மேலே சொன்ன எல்லாவற்றையும் நாமே எழுதலாம். வரும் கேள்வியை எழுத்து எழுத்தாகப் பிரித்து, முகவரியைக் கண்டுபிடித்து, பதிலை விதிப்படி கட்டி அனுப்ப வேண்டும். ஆனால் இது எல்லா சர்வீஸுக்கும் பொதுவான வேலை. ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுவது வீண். அந்தப் பொது வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருப்பதுதான் ஃபிரேம்வொர்க்.

பைத்தானில் இதற்குப் பெரிய அண்ணன் 'ஜாங்கோ'. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள லாரன்ஸ் ஜர்னல் வேர்ல்ட் என்ற செய்தித்தாளின் வெப் டீமில் உருவாகி, 2005-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. டேட்டாபேஸ், லாக்இன், அட்மின் பக்கம் என எல்லாம் அதனுள்ளேயே இருக்கும். கல்யாண மண்டபத்தை சமையல்காரர், பந்தி, மைக் செட்டோடு சேர்த்து வாடகைக்கு எடுப்பது மாதிரி.

ஃபிளாஸ்க் அப்படி இல்லை. இடமும் கரண்ட்டும் மட்டும் தரும். மற்றதை நீங்களே கொண்டு வரணும். டேட்டாபேஸ் எது, லாக்இன் எப்படி என்பதெல்லாம் உங்கள் முடிவு. இதைத்தான் மைக்ரோ ஃபிரேம்வொர்க் என்கிறார்கள். மைக்ரோ என்றால் சக்தி குறைவு என்று அர்த்தமல்ல. மையம் சிறியது, தேவையானதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றுதான் அர்த்தம்.

ஏப்ரல் ஃபூல் ஜோக்காகப் பிறந்ததா?

ஆமாம். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆர்மின் ரோனாகர் என்ற புரோகிராமர், 2010 ஏப்ரல் 1-ம் தேதி 'டினைட்' என்ற பெயரில் ஒரு ஃபிரேம்வொர்க்கை அறிமுகப்படுத்தினார். எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் திணித்துவிட்டு, இதுதான் எதிர்காலம் என்று விளம்பரம் செய்வதைக் கிண்டலடிப்பதுதான் அதன் நோக்கம். ஆனால் ஜோக்கைப் பார்த்தவர்களில் பலர் அதை நிஜமாகவே விரும்பினார்கள்.

அதே மாதத்தில் சீரியஸாக வெளிவந்ததுதான் ஃபிளாஸ்க். ஏற்கெனவே 'பாட்டில்' என்று ஒரு சின்ன ஃபிரேம்வொர்க் இருந்ததால், அதோடு விளையாடும் விதமாக ஃபிளாஸ்க் என்ற பெயர் வைக்கப்பட்டது.

இதன் அடியில் இரண்டு தூண்கள் இருக்கின்றன. எச்டிடிபி வேலையைப் பார்ப்பது 'வெர்க்சாய்க்'. ஜெர்மன் மொழியில் இதற்குக் கருவி என்று பொருள். பக்கங்களை வடிவமைக்க உதவுவது 'ஜின்ஜா'. இவை எல்லாவற்றையும் இப்போது 'பேலட்ஸ்' என்ற குழு பராமரிக்கிறது. 2018-ல் ஃபிளாஸ்க்கின் 1.0 பதிப்பும், 2023-ல் 3.0 பதிப்பும் வந்தன. முழுக்க இலவசம்.

சரி, எங்கே தொடங்குவது?

கம்ப்யூட்டரில் பைத்தான் இருக்க வேண்டும். அடுத்து நான்கு படிகள். டைப் செய்யும்போது கட்டளைகள் எல்லாம் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

1. புராஜெக்ட்டுக்கு ஒரு தனி ஃபோல்டர் உருவாக்குங்கள்.

2. அதற்குள் 'வென்வ்' என்ற தனிச் சூழலை உருவாக்கி, அதை ஆன் செய்யுங்கள். இது பைத்தானோடு வரும் வசதிதான். ஒரு புராஜெக்ட்டுக்கு இன்ஸ்டால் செய்வது இன்னொரு புராஜெக்ட்டைக் கெடுக்காமல் இருக்க இது அவசியம்.

3. 'பிப் இன்ஸ்டால் ஃபிளாஸ்க்' என்று கட்டளை கொடுங்கள். தேவையான எல்லாம் தானாக இறங்கிவிடும்.

4. 'ஆப்' என்ற பெயரில் ஒரு பைத்தான் ஃபைல் திறந்து ஐந்து வரி எழுதுங்கள். பிறகு 'ஃபிளாஸ்க் ரன்' என்று கொடுத்தால் சர்வீஸ் ஓடத் தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை: ஃபைலுக்கு 'ஃபிளாஸ்க்' என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். நிஜ ஃபிளாஸ்க்கைத் தேடும் பைத்தான் உங்கள் ஃபைலையே எடுத்துக்கொண்டு குழம்பிவிடும். புதியவர்கள் அடிக்கடி மாட்டுவது இங்கேதான்.

அந்த ஐந்து வரியில் என்ன இருக்கிறது?

முதல் வரி, ஃபிளாஸ்க்கை ஃபைலுக்குள் கூப்பிடுகிறது. இரண்டாவது வரி, 'ஆப்' என்ற பெயரில் உங்கள் சர்வீஸை உருவாக்குகிறது. மூன்றாவது வரிதான் முக்கியம். 'அட்' குறியோடு தொடங்கும் அது, எந்த முகவரிக்கு யார் பொறுப்பு என்று சொல்கிறது. இதற்கு 'ரூட்' என்று பெயர். நான்காவது வரி ஒரு ஃபங்ஷனைத் தொடங்குகிறது. ஐந்தாவது வரி பதிலைத் திருப்பி அனுப்புகிறது. உதாரணமாக 'வணக்கம்'.

தாலுகா ஆபீஸை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு போர்டு. வருமானச் சான்றிதழ் இங்கே, பட்டா மாறுதல் அங்கே. மூன்றாவது வரி அந்த போர்டு. நான்காவது, ஐந்தாவது வரிகள் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஆள். புது வேலை வேண்டுமா? புது போர்டு மாட்டி, புது ஆளை உட்கார வையுங்கள். ஃபிளாஸ்க்கின் அடிப்படை இவ்வளவுதான்.

இப்போது பிரவுசரில் 127.0.0.1 என்ற முகவரியில், 5000 என்ற போர்ட் எண்ணைச் சேர்த்துத் திறந்தால் 'வணக்கம்' தெரியும். மேக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு 5000 ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாக எரர் வரலாம். ஏர்ப்ளே வசதி அதே எண்ணைப் பயன்படுத்துவதுதான் காரணம். வேறு எண் கொடுத்தால் போதும்.

ரத்ததான லிஸ்ட்டை எப்படி சர்வீஸாக்குவது?

'டோனர்ஸ்' என்று ஒரு ரூட் உருவாக்கலாம். 'கெட்' வந்தால் தேடல். 'போஸ்ட்' வந்தால் புதிய கொடையாளர் பதிவு. ஒரு ரூட் சாதாரணமாக 'கெட்' கேள்விகளை மட்டும்தான் ஏற்கும். 'போஸ்ட்' வேண்டும் என்று தனியாகச் சொல்லாவிட்டால், 405 என்ற எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும்.

பதிலை ஜேசனாக மாற்றுவதற்கு மெனக்கெட வேண்டாம். பைத்தான் டிக்ஷனரியைத் திருப்பி அனுப்பினால் ஃபிளாஸ்க் தானாகவே ஜேசனாக மாற்றிவிடும்.

ஒருவர் மீண்டும் ரத்தம் கொடுக்கலாமா என்பதையும் சர்வீஸே கணக்கு போடலாம். இந்தியாவில் ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் இடைவெளி தேவை. கடைசியாகக் கொடுத்த தேதி இருந்தால், இன்னும் நாள் ஆகாதவர்களை லிஸ்ட்டிலிருந்து விலக்கிவிடலாம்.

இதுவரை எல்லாம் சரி. இப்போது கஷ்டமான பகுதி.

சிக்கல் 1: 'ஓ பாசிட்டிவ்' தேடினால் ஏன் யாருமே இல்லை?

சர்வீஸ் தயார். முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு, 'குரூப்' என்று எழுதி, ஓ என்ற எழுத்தையும் கழித்தல் குறியையும் கொடுத்துத் தேடுகிறீர்கள். ஓ நெகட்டிவ் லிஸ்ட் சரியாக வருகிறது. அடுத்து கூட்டல் குறி போட்டு ஓ பாசிட்டிவ் தேடுகிறீர்கள். பதில் காலி. லிஸ்ட்டில் பேர் இருக்கிறது, ஆனால் சர்வீஸ் யாரும் இல்லை என்கிறது.

காரணம் மிகப் பழைய ஒரு விதி. முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் கூட்டல் குறிக்கு 'இடைவெளி' என்று அர்த்தம். அதனால் உங்கள் புரோகிராமுக்குக் கிடைப்பது ஓ என்ற எழுத்தும் ஒரு வெற்றிடமும்தான். அப்படி ஒரு ரத்த வகையே இல்லை. அதனால் காலி லிஸ்ட்.

இந்தியாவில் பெரும்பாலானோர் பாசிட்டிவ் வகையினர். ஆக, அதிகம் தேடப்படும் வகைகளுக்கெல்லாம் இந்த சர்வீஸ் 'யாரும் இல்லை' என்று பொய் சொல்லும். எரர் வராது, சிவப்பு எழுத்து வராது, எண் கூட 200 என்றுதான் வரும். நடுராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று தேடுபவர் இதை நம்பிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இதற்கு இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். முதலாவது, கூட்டல் குறியை முகவரியில் நேரடியாக அனுப்பக்கூடாது. அதற்குரிய சதவீதக் குறியீட்டை ஆப் அனுப்ப வேண்டும். அல்லது 'ஓபாஸ்', 'ஓநெக்' என்பது போல எழுத்தால் ஆன பெயர்களை வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவதுதான் ரொம்ப முக்கியம். ரத்த வகைகள் மொத்தம் எட்டு. வந்த வார்த்தை அந்த எட்டில் ஒன்று இல்லை என்றால், காலி லிஸ்ட் அனுப்பாமல் 400 என்ற எண்ணோடு 'ரத்த வகை புரியவில்லை' என்று சொல்ல வேண்டும். 'யாரும் இல்லை' என்பதும் 'நீங்கள் கேட்டது புரியவில்லை' என்பதும் வேறு வேறு பதில்கள். நல்ல சர்வீஸுக்கும் மோசமான சர்வீஸுக்கும் உள்ள வித்தியாசம் பல நேரம் இங்கேதான் இருக்கிறது.

சிக்கல் 2: பதிவு செய்த பெயர் எங்கே போச்சு?

தொடக்கத்தில் பலரும் கொடையாளர் விவரங்களை ஒரு பைத்தான் லிஸ்ட்டில் சேர்த்துக்கொண்டே போவார்கள். டெஸ்ட் செய்யும்போது நன்றாக வேலை செய்யும். சர்வீஸை ஆஃப் செய்து ஆன் செய்தால் எல்லாம் காலி. அந்த லிஸ்ட் கம்ப்யூட்டரின் நினைவில் மட்டும்தான் இருந்தது.

நிஜ சர்வரில் இன்னொரு குழப்பமும் உண்டு. அங்கே ஒரே புரோகிராமின் பல பிரதிகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒருவர் பதிவு செய்தது ஒரு பிரதியில். தேடல் போவது இன்னொரு பிரதிக்கு. ஒரு முறை பெயர் வரும், அடுத்த முறை வராது.

தீர்வு எளிது. தகவலை டேட்டாபேஸில் வையுங்கள். 'எஸ்க்யூலைட்' பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. சின்ன சர்வீஸுக்கு அது தாராளமாகப் போதும். பயனர் டைப் செய்ததை டேட்டாபேஸ் கட்டளையோடு நேரடியாக ஒட்டக்கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். கட்டளையில் கேள்விக்குறி போட்டு, மதிப்பைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால், தேடல் பெட்டியில் ஒருவர் கட்டளையையே எழுதி மொத்த லிஸ்ட்டையும் அள்ளிவிட முடியும்.

சிக்கல் 3: டீபக் மோடை ஆன் செய்துவிட்டு மறந்தால்?

ஃபிளாஸ்க் சர்வீஸ் ஓடும்போது கோடை மாற்றினால், மாற்றம் உடனே தெரியாது. நிறுத்தி மீண்டும் ஓட்ட வேண்டும். இந்தத் தொல்லையைத் தவிர்க்கத்தான் 'டீபக் மோட்'. அதை ஆன் செய்தால் சர்வீஸ் தானாகவே ரீஸ்டார்ட் ஆகும். எரர் வந்தால், எந்த வரியில் என்ன பிரச்சனை என்று பிரவுசரிலேயே காட்டும். அந்த எரர் பக்கத்திலேயே பைத்தான் கட்டளைகளை ஓட்டிப் பார்க்கும் வசதியும் உண்டு.

கற்றுக்கொள்பவருக்கு இது வரம். ஆனால் அந்தப் பக்கம் இன்டர்நெட்டில் எல்லோருக்கும் தெரிந்தால்? உங்கள் சர்வரில் கட்டளை ஓட்டும் சாவியை வாசலிலேயே தொங்கவிட்ட மாதிரி.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. கலைஞர்களுக்கு ரசிகர்கள் மாதாமாதம் பணம் தரும் 'பேட்ரியான்' தளம் 2015 செப்டம்பர் இறுதியில் ஹேக் செய்யப்பட்டது. பொதுவெளியில் தெரியும்படி இருந்த டீபக் பதிப்பு வழியாக அத்துமீறல் நடந்ததாக நிறுவனமே அறிவித்தது. ஃபிளாஸ்க்கின் அடியில் இருக்கும் அதே வெர்க்சாய்க் டீபக்கர் அங்கே வெளியில் தெரிந்ததாக சுவீடனைச் சேர்ந்த டிடெக்டிஃபை என்ற பாதுகாப்பு நிறுவனம் கூறியது. சுமார் 15 ஜிபி தகவல் வெளியில் கொட்டப்பட்டது. 23 லட்சத்துக்கும் அதிகமான மின்னஞ்சல் முகவரிகள் அதில் இருந்தன.

இப்போது அந்தப் பக்கம் ஒரு பின் நம்பர் கேட்கிறது. ஆனாலும், பொதுப் பயன்பாட்டில் இருக்கும் சர்வரில் டீபக் மோடைப் பயன்படுத்தவே கூடாது என்றுதான் ஃபிளாஸ்க் குழு சொல்கிறது.

புதியவர்கள் மாட்டும் வழி இதுதான்: ஃபிளாஸ்க் சாதாரணமாக உங்கள் கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் கேட்கும். நண்பரின் போனில் திறக்கவில்லையே என்று 0.0.0.0 என்று மாற்றுவார்கள். டீபக் மோட் ஏற்கெனவே ஆனில் இருக்கும். இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து.

சிக்கல் 4: போன் நம்பர் யாருக்குத் தெரிய வேண்டும்?

கொடையாளர் லிஸ்ட்டில் பெயர், போன் நம்பர், ஊர், ரத்த வகை எல்லாம் இருக்கும். டேட்டாபேஸில் இருப்பதை அப்படியே ஜேசனாக அனுப்புவது சுலபம். ஆனால் உங்கள் முகவரி தெரிந்த யாரும் மொத்த நம்பர்களையும் எடுத்துவிடலாம். ஆப் திரையில் நம்பரைக் காட்டாமல் மறைத்தால் மட்டும் போதாது. சர்வீஸ் அனுப்பினாலே அது வெளியே போய்விட்டது என்றுதான் அர்த்தம்.

உதவி செய்ய நம்பர் கொடுத்த ஒரு மாணவிக்கு, தெரியாதவர்களிடமிருந்து போன் வரத் தொடங்கினால் என்ன ஆகும்? அடுத்த முறை அவர் ரத்தம் கொடுக்க முன்வருவாரா?

அதனால் தேடலுக்குப் பதிலாக 'இந்த வகையில் இத்தனை பேர் இருக்கிறார்கள்' என்ற தகவலும் ஒருங்கிணைப்பாளர் எண்ணும் மட்டும் போகட்டும். முழு விவரம் லாக்இன் செய்த பொறுப்பாளருக்கு மட்டும். ஃபிளாஸ்க்கில் லாக்இன் தானாக வராது, நீங்கள்தான் சேர்க்க வேண்டும். தனிநபர் தகவலைக் கையாள்பவர்களின் பொறுப்புகளைச் சொல்லும் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேற்றப்பட்டதையும் மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

எல்லோருக்கும் திறந்துவிடுவது எப்படி?

'ஃபிளாஸ்க் ரன்' கொடுத்ததும் திரையில் ஒரு எச்சரிக்கை வரும். இது வளர்ச்சிப் பணிக்கான சர்வர், நிஜப் பயன்பாட்டுக்கு வேண்டாம் என்று அது சொல்லும். பலரும் படிக்காமல் கடந்துவிடும் வரி அது. நிஜப் பயன்பாட்டுக்கு 'கூனிகார்ன்', 'வெய்ட்ரஸ்' போன்ற சர்வர்கள் இருக்கின்றன. விண்டோஸில் கூனிகார்ன் ஓடாது, வெய்ட்ரஸ் ஓடும். உங்கள் கோடை மாற்ற வேண்டியதில்லை. ஓட்டும் கட்டளை மட்டும்தான் மாறும்.

ஃபிளாஸ்க் மட்டும்தான் வழியா?

இல்லை. பைத்தானிலேயே 2018-ல் வந்த 'ஃபாஸ்ட்ஏபிஐ', வரும் தகவல் சரியான வடிவத்தில் இருக்கிறதா என்று தானே சோதித்து, சர்வீஸைப் பற்றிய விளக்கப் பக்கத்தையும் உருவாக்கித் தரும். ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தவர்களுக்கு 'எக்ஸ்பிரஸ்' இருக்கிறது. ரூபி மொழியில் 'சினாட்ரா' 2007 முதலே இருக்கிறது. லாக்இன், அட்மின் எல்லாம் முதல் நாளே வேண்டும் என்றால் ஜாங்கோ நல்லது.

எதை எடுத்தாலும் ரூட், கெட், போஸ்ட், ஜேசன், மூன்று இலக்க எண்கள் எல்லாம் மாறாது. ஒன்றில் கற்றது மற்றதிலும் கைகொடுக்கும்.

திறந்துவிடும் முன் ஒரு செக் லிஸ்ட்

* டீபக் மோட் ஆஃபில் இருக்கிறதா?
* எட்டு ரத்த வகைகளையும் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாச்சா?
* தப்பான கேள்விக்கு 400 வருகிறதா, காலி லிஸ்ட் வருகிறதா?
* ரீஸ்டார்ட் செய்த பிறகும் தகவல் இருக்கிறதா?
* லாக்இன் இல்லாமல் திறந்தால் போன் நம்பர் தெரிகிறதா?

ஐந்து வரியை எழுத ஐந்து நிமிடம் போதும். இந்த ஐந்து கேள்விகளுக்கு ஒரு நாள் கூட ஆகலாம். ஆனால் "அவசரம்" என்று மெசேஜ் வரும் ராத்திரியில், தேடுபவருக்குச் சரியான பதில் கிடைப்பது அந்த ஒரு நாள் உழைப்பால்தான்.